மருந்து கேட்காத இடம்

பாஸ்டன் நகரின் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் பெவர்லி டெய்ச்சரும் அவருடைய குழுவினரும் செய்த ஒரு சோதனை 1990-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. எலிகளில் வளரும் இ.எம்.டி.-6 என்னும் மார்பகப் புற்றுக்கட்டியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கட்டி உள்ள எலிக்குக் கீமோ மருந்து கொடுப்பது, தப்பிய கட்டியை வேறோர் எலிக்கு மாற்றுவது, அதற்கும் அதே மருந்தைக் கொடுப்பது என்று ஆறு மாதம் விடாமல் செய்தார்கள். சிஸ்பிளாட்டினுக்கு ஒரு வரிசை, கார்போபிளாட்டினுக்கு ஒன்று, சைக்ளோபாஸ்பமைடுக்கு ஒன்று, தயோடெப்பாவுக்கு ஒன்று. ஆறு மாத முடிவில் அந்தந்த மருந்துக்கு அசையாத கட்டிகள் உருவாகிவிட்டன.

இதுவரை புதுமை ஒன்றும் இல்லை. முதலில் கரைந்த கட்டி பிறகு கரைய மறுப்பதைப் புற்றுநோய் மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். திகைக்க வைத்தது அடுத்த படி. அந்தக் கட்டிகளைப் பிரித்துச் செல்களைக் கண்ணாடித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, அதே மருந்தை ஊற்றினார்கள். செல்கள் செத்தன. மருந்தையே பார்த்திராத செல்கள் எந்த அளவுக்குச் சாகுமோ, கிட்டத்தட்ட அதே அளவுக்கு. எலியின் உடலுக்குள் மருந்தைத் தாங்கி நின்றவை வெளியே வந்ததும் சாதாரணப் புற்றுசெல்களாக இருந்தன.

1993-ல் டொரான்டோவின் ராபர்ட் கெர்பல், டெய்ச்சரோடு சேர்ந்து இதே செல்களை வேறு விதமாக வளர்த்துப் பார்த்தார். தட்டில் பரப்பாமல், ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு உருண்டைகளாகத் திரள விட்டார்கள். மருந்து எதிர்ப்பு திரும்பி வந்தது.

மார்பகப் புற்றுநோயில் ‘மருந்து கேட்கவில்லை’ என்று மருத்துவர் சொல்லும்போது, குறை முழுவதும் புற்றுசெல்லின் மரபணுவில் இருப்பதாகவே நாம் நினைக்கிறோம். அதற்குக் காரணமும் உண்டு. 1976-ல் டொரான்டோவில் ருடால்ஃப் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதத்தை அடையாளம் கண்டார்கள். செல்லின் சவ்வில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துவிடும் புரதம் அது. அதை அடக்கினால் எதிர்ப்பு ஒழியும் என்று நம்பிப் பல மருந்துகள் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன. பெரும்பாலும் ஏமாற்றம்தான் கிடைத்தது. அந்தப் புரதம் உண்மை. மரபணு மாற்றங்களும் உண்மை. ஆனால் டெய்ச்சரின் எலிகள் சொன்ன உண்மை வேறு: எதிர்ப்பு என்பது செல்லும் அது குடியிருக்கும் இடமும் சேர்ந்து உண்டாக்கும் குணமாகவும் இருக்கலாம். இதை ஒப்புக்கொள்ள மருத்துவ ஆராய்ச்சி ரொம்பக் காலம் எடுத்துக்கொண்டது என்பது என் வருத்தம். புதுக் கீமோ மருந்துகள் பல ஆண்டுகளாகக் கண்ணாடித் தட்டில்தான் முதல் தேர்வு எழுதின. அந்தத் தட்டில் கட்டியின் அக்கம்பக்கம் எதுவுமே இல்லை.

அக்கம்பக்கம் என்றால் என்னென்ன? குளிக்கும்போது ஒரு பெண்ணின் விரலுக்கு மார்பில் கட்டி தட்டுப்படுகிறது. அவள் உணரும் கடினம் பெருமளவு புற்றுசெல்களுடையது அல்ல. அவற்றைச் சுற்றி நெருங்கிப் படிந்திருக்கும் கொலாஜன் நார்களுடையது. எலிகளில் அளந்தபோது, இயல்பான பால்சுரப்பித் திசுவைவிடக் கட்டி 20 மடங்குக்கும் மேல் விறைப்பாக இருந்தது. அந்த நார்களை நெய்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசுச் செல்கள். அவற்றோடு கோணல்மாணலான இரத்த நாளங்கள், கொழுப்புச் செல்கள், நோய் எதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள், டி செல்கள், இவை எல்லாம் சுரக்கும் நூற்றுக்கணக்கான புரதங்கள், செல்களுக்கு இடையே தேங்கிய திரவம் எல்லாம் உண்டு. சில மார்பகக் கட்டிகளில் இந்தச் சுற்றுப்புறமே பாதிக்கு மேல்.

லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-ல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்தே இந்தக் கதையைத் தொடங்கலாம். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அவர் அலசினார். கல்லீரலுக்குப் புற்று அடிக்கடி பரவியிருந்தது. இரத்தம் தாராளமாகப் பாயும் மண்ணீரலுக்கோ அபூர்வமாகவே போயிருந்தது. புற்றுசெல்லை விதையாகவும் உறுப்பை நிலமாகவும் கொண்டால்தான் இந்த வேறுபாடு புரியும் என்றார் பேஜட். விதையை ஆராய நிறையப் பேர் இருக்கிறார்கள், நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்பது அவருடைய ஆதங்கம். கீமோதெரபி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் எழுந்த குரல் அது.

இனி மருந்தின் பயணத்தைப் பார்ப்போம். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு டாக்சோரூபிசின் என்ற பெயர் மறந்தாலும் அதன் நிறம் மறக்காது. சிவப்பாக நரம்பில் ஏறும். ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும். அந்த மூலக்கூறுக்கு ஒளிரும் குணம் உண்டு. தகுந்த நுண்ணோக்கியில் வைத்தால், திசுவுக்குள் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். டொரான்டோவின் இளவரசி மார்கரெட் மருத்துவமனையைச் சேர்ந்த இயன் டானக்கின் குழு 2005-ல் இதைத்தான் செய்தது. எலிகளில் வளர்ந்த மார்பகக் கட்டிகளுக்கு டாக்சோரூபிசின் கொடுத்து, இரத்த நாளத்திலிருந்து எத்தனை தூரத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளந்தார்கள். நாளத்தை விட்டு 40 முதல் 50 மைக்ரான் தள்ளிப் போனதும் மருந்தின் அளவு பாதியாகிவிட்டது. தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறக்குறைய பாதி தூரம்; மூன்று நான்கு செல்கள் தாண்டினால் முடிந்தது. அடுத்த 50 மைக்ரானில் மிச்சத்தில் பாதி. நாளங்களுக்குத் தொலைவில், ஆக்சிஜன் பற்றாக்குறையில் கிடக்கும் செல்களுக்கு மருந்து அநேகமாகப் போய்ச் சேரவே இல்லை.

அந்தப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட கலக்கம் இன்னும் தீரவில்லை. ஒரு பெண் முடி கொட்டி, வாய் புண்ணாகி, வெள்ளணுக்கள் சரிந்து இந்த மருந்தைத் தாங்குகிறாள். எந்தச் செல்லுக்காகத் தாங்குகிறாளோ அந்தச் செல்லில் ஒரு பகுதி மருந்தின் வாசனையைக்கூட அறியாமல் இருந்திருக்கலாம். அதைவிட மோசம், அரைகுறை அளவு மட்டும் கிடைத்த செல்கள். சாகும் அளவுக்கு இல்லை. பழகிக்கொள்ளும் அளவுக்கு உண்டு.

மருந்து ஏன் நகர மறுக்கிறது? ஒரு காரணம் அழுத்தம். கட்டியின் இரத்த நாளங்கள் அவசரத்தில் முளைத்தவை. சுவர் ஓட்டை, ஒழுக்கு அதிகம். ஒழுகிய திரவத்தை வடிக்க வேண்டிய நிணநீர் நாளங்கள் கட்டிக்குள் நசுங்கிக் கிடக்கின்றன. திரவம் தேங்கித் தேங்கி, வெளியிலிருக்கும் அழுத்தம் நாளத்துக்குள் இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாக உயர்ந்துவிடும்போது, மருந்தை வெளியே தள்ளும் விசை இல்லாமல் போகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்து பாஸ்டனில் ஆய்வகம் அமைத்த ராகேஷ் ஜெயின் பல பத்தாண்டுகளாக இதைத்தான் அளந்துவருகிறார். பொறியாளர் கண்ணோடு பார்த்ததால்தான் மருத்துவர்கள் கவனிக்காமல் விட்டது அவருக்குத் தெரிந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 2013-ல் அவருடைய குழு ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டது. இரத்த அழுத்தத்துக்காக லட்சக்கணக்கானோர் தினமும் விழுங்கும் லோசார்ட்டன் மாத்திரையை மார்பக, கணையக் கட்டிகள் உள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது, கட்டியில் கொலாஜன் குறைந்தது. நசுங்கியிருந்த நாளங்கள் திறந்தன. கீமோ மருந்து கூடுதலாக உள்ளே போனது. எலிகளில் கண்டது இது. யாரும் தாமாக மாத்திரை மாற்றிக்கொள்ள இதில் இடமில்லை. ஆனாலும் புற்றுசெல்லைத் தொடாமலேயே மருந்தின் பலனைக் கூட்டலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நாளம் எட்டாத இடத்தில் மருந்து மட்டுமா இல்லை? ஆக்சிஜனும் இல்லை. ஜெர்மனியின் பீட்டர் ஃபாப்பல் நோயாளிகளின் மார்பிலேயே ஊசி வடிவ மின்முனை செலுத்தி அளந்தபோது, இயல்பான மார்பகத் திசுவில் ஆக்சிஜன் அழுத்தம் சராசரியாக 65 மி.மீ. பாதரச அளவு; புற்றுக்கட்டியில் அதில் பாதிக்கும் குறைவு. மூச்சு முட்டும் செல் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. பேக்லிடாக்செல் போன்ற மருந்துகள் பிரியும் செல்லைப் பிடித்துத் தாக்குபவை. பிரியாத செல் அவற்றுக்குச் சிக்குவதில்லை. கூடவே எச்.ஐ.எஃப்.-1 என்னும் புரதம் விழித்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த கிரெக் செமென்சாவுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய ஆய்வகம் 2014-ல் காட்டியது இது: ஹார்மோன் ஏற்பி முதலான மூன்று வழக்கமான இலக்குகளும் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் வகை மார்பகப் புற்றுசெல்களுக்கு பேக்லிடாக்செல் கொடுத்தால், அந்த மருந்தே இந்தப் புரதத்தின் செயலைத் தூண்டி, மீண்டும் கட்டியை எழுப்பவல்ல தண்டுசெல் போன்ற செல்களின் விகிதத்தைக் கூட்டுகிறது. கூடவே புரதத்தை அடக்கும் மருந்தையும் சேர்த்தால் அந்தக் கூடுதல் நிற்கிறது. ஆக்சிஜன் இல்லாத செல் சர்க்கரையை அரைகுறையாக எரித்து அமிலத்தைக் கக்குவதால் சுற்றுப்புறம் புளிக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்: டாக்சோரூபிசின் ஒரு மென்காரம், அமிலத்தில் மின்னேற்றம் பெற்றுவிட்டால் செல்லின் சவ்வைத் தாண்ட முடியாமல் வெளியிலேயே நின்றுவிடும்.

இவ்வளவு நேரம் மருந்து போய்ச் சேராததைப் பற்றிப் பேசினோம். போய்ச் சேர்ந்தாலும் செல் பிழைத்துக்கொள்ளும் வழிகள் உண்டு. ஈரானில் பிறந்து அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் வாழ்நாளைக் கழித்த மினா பிசெல் இதில் முன்னோடி. செல்லைச் சுற்றியுள்ள புரத வலைதான் செல் யார் என்பதைத் தீர்மானிக்கிறது என்று அவர் சொன்னபோது கேட்டவர்கள் குறைவு. 1997-ல் அவரும் வலெரி வீவரும் மார்பகப் புற்றுசெல்களை முப்பரிமாணக் கூழில் வளர்த்து, அந்த வலையைப் பற்றிக்கொள்ள செல்லுக்கு உதவும் பீட்டா-1 இன்டெக்ரின் என்ற புரதத்தை ஓர் எதிர்ப்பொருளால் மறைத்தார்கள். மரபணுவில் இருந்த கோளாறுகள் அப்படியே இருக்க, தாறுமாறாகப் பெருகிய செல்கள் ஒழுங்காகச் சேர்ந்து, இயல்பான பால்சுரப்பி நுண்ணறைகளைப் போல் அடுக்கி நின்றன. 2002-ல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. செல் அடித்தளப் படலத்தைப் பற்றி, மேல் கீழ் என்று திசை அறிந்து நின்றால், கீமோ மருந்து அதைக் கொல்வது கடினமாகிறது. பற்றுவதற்கு உதவுவது பீட்டா-4 இன்டெக்ரின். அதன் வழியாக ‘பிழைத்திரு’ என்ற சமிக்ஞை உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. நல்ல செல்லுக்கும் இது பொருந்தும், கெட்ட செல்லுக்கும் பொருந்தும். உடல் தன் திசுக்களைக் காக்க வைத்திருக்கும் ஏற்பாட்டையே புற்றும் பயன்படுத்துகிறது.

ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் விஷயமும் இப்படித்தான். உடலில் காயம் பட்டால் ஓடிவந்து நார் நெய்து மூடுவது அவற்றின் வேலை. கட்டியை அவை ஓயாத காயமாகவே எடுத்துக்கொள்கின்றன. சீனாவின் குவாங்சௌ நகரில் சாங் எர்வெய் தலைமையிலான குழு 2018-ல் மார்பக, நுரையீரல் புற்று நோயாளிகளின் திசுக்களில், ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளில் ஒரு தனிப் பிரிவைப் பிரித்துக் காட்டியது. சி.டி.10, ஜி.பி.ஆர்.77 என்ற இரு அடையாளங்கள் கொண்டவை அவை. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகியவற்றைச் சுரந்து, தண்டுசெல் போன்ற புற்றுசெல்களுக்குக் கீமோவிலிருந்து புகலிடம் தருகின்றன. எல்லா ஃபைப்ரோபிளாஸ்ட்டும் அப்படி இல்லை என்பதுதான் இதில் முக்கியம். சுற்றுப்புறம் முழுவதையும் பகையென்று எண்ணி அழிக்கப் புறப்பட்டால், கட்டியைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்த செல்களும் சேர்ந்து போய்விடும்.

நோயாளிகளிடம் இதற்குச் சாட்சி இருக்கிறதா? இருக்கிறது. பெரிய கட்டிக்கு முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்யும் முறை இன்று உலகெங்கும் உண்டு. நோய் முற்றிய நிலையில் வந்த பெண்களையே அதிகம் பார்த்த சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில், மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அறுவைக்கு முன்பே மருந்தும் கதிர்வீச்சும் கொடுக்கும் வழியைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கையாண்டார்கள். இந்த முறையில் ஆராய்ச்சிக்கு ஒரு வசதி: மருந்துக்கு முன் எடுத்த பயாப்சியில் என்ன இருந்தது, மருந்துக்குப் பின் கட்டி என்ன ஆனது என்று ஒப்பிட முடியும். ஐரோப்பாவில் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களின் பயாப்சிகளை ஆராய்ந்த ஒரு குழு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத கட்டிகளில், இணைப்புத் திசுவின் மரபணுக்கள் ஓங்கி ஒலித்த இடத்தில் கீமோ எடுபடவில்லை என்று 2009-ல் சொன்னது. மறுவருடமே கார்ஸ்டன் டெங்கர்ட்டும் சகாக்களும் 1,058 பயாப்சிகளைப் பார்த்து எதிர்த்திசையில் ஒரு முடிவைத் தந்தார்கள். நிணச்செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் மொய்த்திருந்த கட்டிகளில் ஏறக்குறைய 40 சதவீதம், கீமோவுக்குப் பிறகு அறுவையின்போது தடயமின்றி மறைந்திருந்தன. நிணச்செல்லே எட்டிப் பார்க்காத கட்டிகளில் அந்த விகிதம் ஒற்றை இலக்கம். மருந்து ஒன்றுதான். கட்டிக்குள் யார் கூடியிருந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே கீமோ தனியாகக் கொல்வதில்லை. செத்த செல்லைக் காட்டி நோய் எதிர்ப்பு அமைப்பையும் எழுப்புகிறது. அதே சமயம் எதிர்வினையையும் எழுப்புகிறது. நியூயார்க்கில் ஜோன் மசாகே ஆய்வகம் 2012-ல் விளக்கிய சங்கிலி இது. டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகியவற்றின் அடி இரத்த நாளச் செல்களின் மேலும் விழுகிறது, அடிபட்டவை டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கின்றன. அது புற்றுசெல்லைத் தூண்டி சி.எக்ஸ்.சி.எல்.1 என்ற அழைப்பை அனுப்ப வைக்கிறது. அழைப்பைக் கேட்டு வரும் எலும்பு மஜ்ஜை வழிச் செல்கள், புற்றுசெல் மருந்தைத் தாங்க உதவும் புரதங்களைக் கொண்டுவந்து தருகின்றன. மருந்தே எதிர்ப்பை விதைக்கிறது. லிசா கூசன்ஸ் குழுவின் 2011 சோதனையும் இதையே வேறு செல்களில் கண்டது. பேக்லிடாக்செல்லுக்குப் பிறகு எலியின் மார்பகக் கட்டியில் மேக்ரோஃபேஜ்கள் கூடின. அவற்றின் வரவைத் தடுத்ததும் டி செல்கள் உள்ளே நுழைந்தன. எலிகள் அதிக நாள் வாழ்ந்தன.

சிகிச்சை என்று வரும்போது அவசரம் கூடாது என்பதற்கு பெவாசிஸுமாப் ஒரு பாடம். கட்டிக்கு இரத்த நாளம் முளைப்பதைத் தடுக்கும் இந்த மருந்தை, பரவிய மார்பகப் புற்றுக்கு பேக்லிடாக்செல்லுடன் தர அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008-ல் அனுமதித்தது. நோய் மீண்டும் வளரும் வரையான காலம் 5.9 மாதத்திலிருந்து 11.8 மாதமாகக் கூடியிருந்தது. ஆனால் பெண்கள் கூடுதல் நாள் வாழவில்லை. 2011 நவம்பரில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. நாளங்களை ஒரேயடியாக அழித்தால் மருந்து போகும் பாதையும் அடைபடும், அளவோடு கொடுத்துச் சீர்படுத்துவதே சரி என்பது ஜெயினின் வாதம்.

நம்பிக்கை தருவது நோய் எதிர்ப்புப் பக்கம்தான். டிரிப்பிள் நெகட்டிவ் மார்பகப் புற்று ஆரம்ப நிலையில் இருக்கும்போதே, டி செல்களின் கட்டை அவிழ்க்கும் பெம்ப்ரோலிஸுமாப்பைக் கீமோவுடன் சேர்த்தார்கள். கட்டி முற்றாக மறைந்தோர் 51.2 சதவீதத்திலிருந்து 64.8 ஆனார்கள் என்று 2020-ல் முதல் முடிவு வந்தது. ஐந்து ஆண்டு முடிவில் உயிருடன் இருந்தவர்கள் 81.7-க்குப் பதில் 86.6 சதவீதம். ஐந்து சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். இந்த நோயில் அது சிறிதல்ல. விலைதான் இன்னும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது, அது வேறு கட்டுரைக்கான கோபம்.

மார்பில் கட்டி போன பிறகும் ஒரு இடம் மீதமிருக்கிறது. ஆரம்ப நிலை நோயாளிகள் 4,703 பேரின் எலும்பு மஜ்ஜையை ஆராய்ந்த தரவுகளைத் தொகுத்தபோது, 30.6 சதவீதம் பேரில் தனித்தனிப் புற்றுசெல்கள் இருந்தன என்று 2005-ல் தெரியவந்தது. கீமோ முடிந்தும் இவை பிழைத்திருப்பது ஏன்? உறங்குகின்றன, பிரிவதில்லை, அதனால் மருந்துக்குச் சிக்கவில்லை என்பதுதான் வழக்கமான பதில். சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தில் சைரஸ் கஜாரின் குழு அதை நம்பவில்லை. 2019-ல் அவர்கள் எலிகளில் காட்டியதன்படி, தப்பிய செல்கள் மஜ்ஜையின் நுண்ணிய இரத்த நாளங்களை ஒட்டிக் கிடக்கின்றன. நாளத்தின் உட்சுவர்ச் செல்கள் தரும் புரதங்களை இன்டெக்ரின்களால் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடிதான் காப்பு. உறங்கினாலும் விழித்திருந்தாலும் காப்பு ஒன்றுதான். பிடியை எதிர்ப்பொருளால் விடுவித்துக் கீமோ கொடுத்தபோது அந்தச் செல்கள் செத்தன. எலும்புக்கு நோய் பரவுவதும் தடுக்கப்பட்டது. உறங்கிய செல்கள் விழித்துப் பெருகவில்லை, கீமோவின் நச்சும் கூடவில்லை.

இதைப் பெண்களிடம் சோதிப்பதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்று இருபது ஆண்டு கழித்தும் திரும்பி வரக்கூடியது. மருந்து பலித்ததா என்று அறிய அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. அதனால் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்து, அங்கே தங்கிய செல்கள் குறைந்தனவா என்று எண்ணிப் பார்க்கும் சோதனைகளை மருத்துவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். வலியுள்ள சோதனை. நோயின் அறிகுறி எதுவும் இல்லாத பெண்கள் அதற்கு ஒப்புக்கொண்டு வருகிறார்கள்.